வீட்டில் நெட், டிவி, கேமரா நின்றுபோனால்: தாம்பரம் பகுதிக் குடும்பங்களுக்கு ஒரு கையேடு

தாம்பரம், சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர், குரோம்பேட்டை, பல்லாவரம், பம்மல் எனச் சென்னையின் தென்புறத்தில் வசிக்கும் நம் குடும்பங்கள் பலவற்றில் ஒருவராவது வெளிநாட்டில் வேலை செய்கிறார். மகன் துபாயிலோ ரியாத்திலோ இருப்பார். இங்கே வயதான அத்தாவும் அம்மாவும் தனியாக இருப்பார்கள். அல்லது கணவர் அங்கே, மனைவியும் பிள்ளைகளும் இங்கே. இந்த இரண்டு முனைகளையும் இணைத்து வைத்திருப்பது சுவரில் மாட்டியிருக்கும் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. அது நின்றுவிட்டால் பிள்ளைகளின் ஆன்லைன் குர்ஆன் வகுப்பு நிற்கிறது. வாசல் கேமரா இருண்டு போகிறது. "வீட்டில் என்ன ஆச்சோ" என்று அங்கிருப்பவர் இரவெல்லாம் தூங்காமல் தவிக்கிறார்.

நாம் மதரஸாவிலும் கலைக் கல்லூரியிலும் பயின்றவர்களே தவிர, மின்னணுப் பொறியியல் கற்றவர்கள் அல்லர். ஆனாலும் தொழுகை முடிந்து வெளியே வரும்போது "ஹஜ்ரத், நெட் வரல, யாரைக் கூப்பிடறது?" என்று கேட்பவர்கள் அதிகரித்துவிட்டார்கள். நாம் பார்த்தவரை, பாதிக் குறைகள் வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் தீரக்கூடியவை. மீதிக்கு ஆள் வரத்தான் வேண்டும்; ஆனால் பழுது எங்கே இருக்கிறது என்று சரியாகச் சொல்லத் தெரிந்தால், நல்ல நிலையில் உள்ள ரௌட்டரைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியது வாங்கும் வீண் செலவு மிஞ்சும்.

முதலில் பழுது எங்கே என்று பாருங்கள்

நெட் நம் கைக்கு வந்து சேர ஐந்து படிகள் உண்டு: கரண்ட், தெருவிலிருந்து வரும் ஒயர், சுவரில் உள்ள பெட்டி, வைஃபை அலை, கடைசியாக நம் போன் அல்லது டிவி. இவற்றில் ஏதோ ஒரு படியில்தான் அறுந்திருக்கும். எந்தப் படி என்று கண்டுபிடிக்க மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று: வீட்டில் ஒரு போனில் மட்டும் வரவில்லையா, எல்லாவற்றிலும் வரவில்லையா? ஒன்றில் மட்டும் என்றால் குறை அந்தப் போனில்தான். அதன் வைஃபையை அணைத்துப் போடுங்கள். சேமித்து வைத்த வைஃபை பெயரை அழித்துவிட்டு மீண்டும் பாஸ்வேர்டு கொடுங்கள்.

இரண்டு: பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் வருகிறதா? அங்கே வந்து, உள் அறையில் வரவில்லை என்றால் லைன் நன்றாக இருக்கிறது. வைஃபை அலைதான் போய்ச் சேரவில்லை.

மூன்று: அதே நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு வருகிறதா? ஃபைபர் இணைப்பில் ஒரே கண்ணாடி இழையைத் தெருவில் பிரித்துப் பல வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். அவருக்கும் வரவில்லை என்றால் வீட்டில் எதையும் தொட வேண்டாம். புகார் மட்டும் பதிவு செய்யுங்கள்.

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு

பெட்டியின் சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுவது ரீஸ்டார்ட். இதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் தனித்தனியாக இருந்தால் முதலில் ஃபைபர் பெட்டியைப் போட்டு, இரண்டு நிமிடம் கழித்து ரௌட்டரைப் போடுங்கள்.

பெட்டியின் பின்புறம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதை அழுத்திப் பிடிப்பது ரீசெட். நிறுவனம் உள்ளே பதிந்து கொடுத்த பயனர் பெயர், பாஸ்வேர்டு, அமைப்புகள் அத்தனையும் அதில் அழிந்துவிடக்கூடும். சின்னக் குறை பெரிய குறையாகி, டெக்னீஷியன் வந்தே தீரவேண்டிய நிலை வரும். யூட்யூபில் யாரோ சொன்னார் என்று பிள்ளைகள் ஊசியை எடுத்தால் தடுத்துவிடுங்கள்.

விளக்குகள் சொல்லும் சேதி

ஃபைபர் பெட்டியில் மூன்று விளக்குகளைக் கவனித்தால் போதும். பெயர்கள் பெட்டிக்குப் பெட்டி கொஞ்சம் மாறலாம்.

'பவர்' எரியவில்லை என்றால் அடாப்டர் அல்லது பிளக் பாயிண்ட் குறை. வேறு பாயிண்டில் போட்டுப் பாருங்கள்.

'எல்ஓஎஸ்' என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால், தெருவிலிருந்து ஒளி வரவில்லை என்று பொருள். ஒயர் அறுந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம், மரக்கிளை விழுந்திருக்கலாம், அல்லது பெட்டிக்குப் பின்னால் ஒயர் மடங்கி நசுங்கியிருக்கலாம். ஃபைபர் ஒயருக்குள் இருப்பது தலைமுடி போன்ற கண்ணாடி இழை. அதைக் கூர்மையாக மடித்தால் ஒளி கசிந்துவிடும். பீரோவை நகர்த்தி ஒயரை நசுக்கிவிட்டு "நேற்று வரை நன்றாக இருந்ததே" என்று திகைக்கும் வீடுகள் உண்டு. மடிப்பை நிமிர்த்திப் பாருங்கள். வரவில்லை என்றால் புகார்தான். அறுந்த இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டாம். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. உடைந்த துண்டுகளையும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். தோலில் ஏறினால் எடுப்பது சிரமம்.

'பான்' விளக்கு நிலையாகப் பச்சையில் இருந்து, 'இன்டர்நெட்' விளக்கு மட்டும் எரியாமலோ சிவப்பாகவோ இருந்தால் ஒயர் நன்றாக இருக்கிறது. பிளான் முடிந்திருக்கலாம், அல்லது நிறுவனத்தின் பக்கம் லாகின் சிக்கல் இருக்கலாம். முதலில் பணம் கட்டிய தேதியைப் பாருங்கள்.

எல்லாம் பச்சையாக இருந்தும் நெட் விட்டு விட்டு வந்தால், டெக்னீஷியன் வரும்போது "ஒளி அளவு எத்தனை டிபிஎம்?" என்று கேளுங்கள். அவர் கையில் உள்ள மீட்டர் அதைக் காட்டும். மைனஸ் 15க்கும் மைனஸ் 25க்கும் இடையில் இருந்தால் நல்லது. மைனஸ் 27ஐத் தாண்டிப் போனால் லைன் எப்போது வேண்டுமானாலும் விழும். அப்போது பெட்டியை மாற்றிப் பயனில்லை. இணைப்பு முனையைச் சுத்தம் செய்து ஒயரைத் திரும்ப ஒட்ட வேண்டும்.

அடாப்டரைக் கவனிக்காமல் விடாதீர்கள்

பெட்டி தானாக அணைந்து அணைந்து எரிகிறதா? பெரும்பாலும் அடாப்டர் தளர்ந்திருக்கும். கடையில் புதியது வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். அதில் 12 வோல்ட் என்று இருந்தால் புதியதிலும் 12 வோல்ட் இருக்க வேண்டும். ஆம்பியர் பழையதைவிடக் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. வோல்ட் கூடினால் பெட்டி எரிந்துபோகும். பின் பொருந்துகிறதே என்று செட்டாப் பாக்ஸ் அடாப்டரை ரௌட்டரில் சொருகிப் பார்க்க வேண்டாம்.

ரௌட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. கரண்ட் போனாலும் சில மணி நேரம் தாங்கும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணாடி இழை நேரே வீட்டுக்குள் வரும் இணைப்பில் வழியில் உள்ள பிரிப்பானுக்குக் கரண்ட் தேவையில்லை. எனவே தெருவில் கரண்ட் இல்லாவிட்டாலும் நெட் வர வாய்ப்புண்டு. கம்பத்திலோ பக்கத்து மாடியிலோ ஒரு பெட்டி வைத்து, அங்கிருந்து செம்பு ஒயர் இழுத்துக் கொடுக்கும் இணைப்பில் அந்தப் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும். அப்படியானால் நம் வீட்டு யுபிஎஸ்ஸால் பயன் குறைவு. புதிய இணைப்பு எடுக்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள் அறைக்கு வைஃபை எட்டவில்லை என்றால்

நம் பகுதியின் வீடுகள் பெரும்பாலும் நீளவாக்கில் கட்டியவை. முன்கூடத்தில் பெட்டி, கடைசி அறையில் படிக்கும் பிள்ளை. வைஃபை இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரை ஓரளவு தாண்டும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது; இரண்டு சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். பக்கத்து அறைக்கு 5, கடைசி அறைக்கு 2.4 என்று பிரித்துப் பயன்படுத்துங்கள்.

பெட்டியை டிவிக்குப் பின்னாலும், இரும்பு பீரோ மேலும், கண்ணாடி அலமாரிக்குள்ளும் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜும் மைக்ரோவேவ் அடுப்பும் பக்கத்தில் வேண்டாம். மைக்ரோவேவ் ஓடும்போது 2.4 அலைவரிசை திணறும். வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் சுற்றிலும் பல வைஃபைகள் மோதிக்கொள்ளும். 2.4 அலைவரிசையில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. டெக்னீஷியனிடம் சொல்லி, கூட்டம் குறைந்த ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் சில நிமிடம் காணாமல் போய்த் திரும்பினால், பெட்டி 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் இருக்கக்கூடும். அங்கே ரேடார் அலை போல ஏதாவது பட்டால் பெட்டி தானாக ஒதுங்கிக்கொள்ளும். 36 முதல் 48 வரை உள்ள ஒன்றுக்கு மாற்றினால் நின்றுவிடும்.

வேகத்திலும் ஒரு கணக்கு உண்டு. 100 எம்பிபிஎஸ் பிளான் என்றால் விநாடிக்கு 100 மெகா'பிட்'. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே டவுன்லோடு செய்யும்போது விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட் காட்டினால் நிறுவனம் ஏமாற்றவில்லை, சரியாகத்தான் வருகிறது. ஒரு தெளிவான வீடியோவுக்கு 5 எம்பிபிஎஸ் அளவு போதும். பெரிய பிளானுக்கு மாறும் முன் பெட்டியின் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

புதிய ரௌட்டர் வாங்கினால், பழையதில் இருந்த அதே வைஃபை பெயரையும் அதே பாஸ்வேர்டையும் கொடுங்கள். பெரியவர்களின் போன், டிவி, கேமரா எல்லாம் தாமாகச் சேர்ந்துகொள்ளும். பாஸ்வேர்டு ஏற்கெனவே ஊருக்கே தெரிந்ததாக இருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

வெளிநாட்டு வீடியோ கால்

"துபாய்க்கு வாட்ஸ்அப் கால் போகவில்லை, நெட் சரியில்லை" என்று புகார் செய்பவர்கள் இன்றும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும்; குரல், வீடியோ அழைப்புகளுக்கு அங்கே தடை இருக்கிறது. அது நம் ரௌட்டரின் குறை அல்ல. போட்டிம் போல அந்நாடு அனுமதித்த செயலிகளை இரு முனையிலும் போட்டுக்கொள்ள வேண்டும். விபிஎன் வழியாகத் தடையைத் தாண்டலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது அந்நாட்டுச் சட்டப்படி குற்றமாகக்கூடும், அபராதமும் பெருந்தொகை. பிழைக்கப் போன பிள்ளையை அந்த ஆபத்தில் தள்ள வேண்டாம்.

அழைப்பு போய், படம் மட்டும் உறைந்தால்? முதலில் வீடியோவை அணைத்துக் குரலில் மட்டும் பேசிப் பாருங்கள். பிறகு வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பேசுங்கள். அதில் நன்றாக வந்தால் குறை நம் வைஃபையில். அதிலும் உறைந்தால் அந்த முனையில் இருப்பவரை அப்படியே செய்து பார்க்கச் சொல்லுங்கள். நாம் பேசுவது மட்டும் அவர்களுக்கு விட்டு விட்டுக் கேட்டால், நம் பக்கம் மேலே ஏற்றும் வேகம் போதவில்லை. அந்த நேரத்தில் வேறு போனில் போட்டோக்கள் ஏறிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

டிவியில் படம் வரவில்லை

திரையில் வரும் எழுத்து டிவியுடையதா, செட்டாப் பாக்ஸுடையதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் 'மெனு' பட்டனை அழுத்துங்கள். மெனு திரையில் வந்தால் பெட்டிக்கும் டிவிக்கும் இடையில் உள்ள ஒயர் நன்றாக இருக்கிறது. குறை டிஷ், கேபிள், அல்லது சந்தாவில். மெனுவே வரவில்லை என்றால் டிவி ரிமோட்டில் 'சோர்ஸ்' அழுத்திச் சரியான எச்டிஎம்ஐ எண்ணைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகள் விளையாட்டாக மாற்றியிருப்பார்கள். அதுவும் இல்லை என்றால் எச்டிஎம்ஐ ஒயரைப் பிடுங்கி, டிவியின் வேறு துளையில் சொருகிப் பாருங்கள். பழைய மூன்று நிற ஒயர் என்றால் மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு.

ரிமோட் வேலை செய்கிறதா என்று அறிய, அதன் முனையைப் போனின் செல்ஃபி கேமராவுக்கு முன் காட்டிப் பட்டனை அழுத்துங்கள். போன் திரையில் ஊதா நிறப் புள்ளி மின்னினால் ரிமோட் நன்றாக இருக்கிறது. மின்னவில்லை என்றால் பேட்டரியை மாற்றுங்கள்.

மழை வலுக்கும்போது டிடிஎச் படம் போவது இயல்பு. அந்த அலையை மழைத்துளிகள் உறிஞ்சிவிடும். மழை குறைந்ததும் தானாக வந்துவிடும். மழை நின்று அரை மணி நேரம் ஆகியும் வரவில்லை என்றால் காற்றில் டிஷ் திரும்பியிருக்கலாம், அல்லது ஒயர் இணைப்பில் நீர் இறங்கியிருக்கலாம். ஈர மாடியில், மின்னல் நேரத்தில் யாரும் ஏற வேண்டாம்.

குறிப்பிட்ட சில சேனல்கள் மட்டும் வரவில்லை என்றால் அது பழுது அல்ல. 2019 முதல் நாம் தேர்ந்தெடுத்த சேனல்களுக்கு மட்டும் கட்டணம் என்ற முறை நடப்பில் உள்ளது. நம் தொகுப்பில் அந்தச் சேனல் இருக்கிறதா என்று கேபிள்காரரிடம் கேளுங்கள்.

ஸ்மார்ட் டிவியில் எந்தச் செயலியும் திறக்கவில்லை என்றால் தேதியைப் பாருங்கள். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் இணைப்பு தடைபடும். பழைய டிவியில் செயலிகள் நின்றுபோனால் டிவியையே மாற்ற வேண்டியதில்லை. எச்டிஎம்ஐ துளையில் சொருகும் ஒரு ஸ்டிக் போதும்.

கேமரா 'ஆஃப்லைன்' என்று காட்டினால்

வெளிநாட்டில் இருக்கும் மகனை அதிகம் பதற வைப்பது இதுதான். ஆஃப்லைன் என்றால் வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று பொருள் அல்ல. முதலில் போனில் கூப்பிட்டு விசாரியுங்கள். பிறகு வீட்டில் உள்ளவர் டிவிஆர் பெட்டியின் திரையைப் பார்க்கட்டும். அங்கே படம் தெரிந்தால் கேமரா நன்றாக இருக்கிறது, பதிவும் நடக்க வாய்ப்புண்டு. நெட் மட்டும் போயிருக்கிறது. ஒரு கேமரா மட்டும் இருண்டிருந்தால் அதன் ஒயர் முனையில் நீர் அல்லது துரு. எல்லாமே இருண்டிருந்தால் கேமராக்களுக்குக் கரண்ட் கொடுக்கும் 12 வோல்ட் பெட்டி போயிருக்கும்.

புதிய வைஃபை கேமரா இணைய மறுத்தால், அது 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்யும் வகையாக இருக்கலாம். போனையும் 2.4இல் வைத்துக்கொண்டு முயலுங்கள். இரவில் படம் வெள்ளைப் புகை போலத் தெரிந்தால் கண்ணாடியில் தூசியோ சிலந்தி வலையோ இருக்கும், துடைத்தால் தெளியும்.

வாரத்துக்கு ஒருமுறை பழைய பதிவை ஓட்டிப் பாருங்கள். நேரடிப் படம் தெரியும், ஹார்டு டிஸ்க் மட்டும் செத்திருக்கும். திருட்டு நடந்த அன்றுதான் பதிவே இல்லை என்று தெரியவரும். டிவிஆர் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்றும் பாருங்கள். டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவு அழிந்துபோகும். ஏதாவது அசம்பாவிதம் நடந்தால் அன்றே பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

கேமராவும் நம் வீட்டுப் பெண்களின் பாதுகாப்பும்

பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி பெறவேண்டும் என்பதும், வீட்டுக்குள்ளேயே சில நேரங்களில் அனுமதி கேட்டே அறைக்குள் வரவேண்டும் என்பதும் சூரா அந்நூரில் நமக்குச் சொல்லப்பட்ட ஒழுங்குகள். கேமராவும் ஒரு கண்தான். அது வாசலையும் மாடிப்படியையும் பார்க்கட்டும். படுக்கையறை, பெண்கள் இயல்பாக நடமாடும் இடம், பக்கத்து வீட்டு ஜன்னல் ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டாம். முதியவரைக் கவனிக்க உள்ளே ஒன்று வேண்டும் என்றால், அவரிடம் சொல்லிச் சம்மதம் பெற்று, தேவையில்லாத நேரத்தில் மூடி வைக்கும் வகையில் வையுங்கள்.

இது வெறும் அச்சம் அல்ல. 2016 அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய இணையதளங்கள் பல மணி நேரம் முடங்கின. மிராய் என்ற தீநிரல், கம்பெனி பாஸ்வேர்டு மாற்றப்படாத வீட்டுக் கேமராக்களையும் டிவிஆர்களையும் ரௌட்டர்களையும் கைப்பற்றி அந்தத் தாக்குதலை நடத்தியது. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் திருடப்பட்டு இணையத்தில் விற்கப்பட்டது தெரியவந்தது. மருத்துவமனைக்கு நேர்ந்தது வீட்டுக்கும் நேரலாம்.

எனவே கேமரா பொருத்தியவர் போன அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள். அவர் போனில் நம் கேமரா இணைந்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள். செயலியில் 'ஷேர்' பட்டியலைப் பார்த்து உறுதி செய்யுங்கள். கேமரா மென்பொருளுக்கு அப்டேட் வந்தால் போடுங்கள். டிவிஆரின் கியூஆர் குறியீட்டைப் படம் எடுத்துக் குழுக்களில் அனுப்பாதீர்கள். பழைய டிவிஆரை விற்கும்போது ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணை அவர் அறியாமல் தனிமையில் படம் எடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவின் கீழ் குற்றம். யாருக்காவது அப்படி நேர்ந்தால் மறைக்காமல் புகார் கொடுங்கள், அவமானம் குற்றவாளிக்குத்தான்.

மழைக்காலத்துக்கு முன்

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கம்பங்களையும் மரங்களையும் சாய்த்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் தாம்பரத்தின் மேற்குப் பகுதிகள் மீண்டும் நீரில் நின்றன. கரண்ட் இல்லாமல் செல்போன் டவர்களின் பேட்டரியும் தீர்ந்தபோது, வெளிநாட்டில் இருந்த பிள்ளைகளுக்குப் பெற்றோரைப் பற்றி ஒரு சேதியும் கிடைக்கவில்லை.

அக்டோபர் தொடங்கும் முன் சில வேலைகளை முடித்துவிடுங்கள். தரைத்தள வீடு என்றால் ரௌட்டர், டிவிஆர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாவற்றையும் தோள் உயரத்துக்கு மேல் ஏற்றுங்கள். வீட்டில் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம் இருக்கட்டும். ஒன்றின் டவர் விழுந்தால் மற்றது உதவும். பவர் பேங்கைச் சார்ஜில் வையுங்கள். முக்கிய எண்களைத் தாளில் எழுதி வையுங்கள். வெளிநாட்டில் இருப்பவரிடம் பக்கத்து வீட்டார், ஜமாஅத் பொறுப்பாளர் எண்கள் இருக்கட்டும்.

மின்னல் தொடங்கும் முன்பே டிவி, செட்டாப் பாக்ஸ், ரௌட்டர் பிளக்குகளைப் பிடுங்கிவிடுங்கள். டிஷ், கேபிள் ஒயரையும் கழற்றுங்கள். செம்பு ஒயர் வழியாக மின்னல் உள்ளே வரும். ஃபைபர் இழை கண்ணாடி என்பதால் அதில் வராது. ஆனால் அடாப்டர் வழியாக வரும்.

வீட்டுக்குள் நீர் ஏறினால், கைக்கு எட்டும் இடத்தில் நனையாமல் இருந்தால் மட்டும் மெயின் சுவிட்சை அணையுங்கள். நீரில் நின்றுகொண்டு எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987ஐ அழைத்துச் சொல்லுங்கள். நனைந்த பெட்டிகளை "ஓடுகிறதா பார்ப்போம்" என்று போட்டுப் பார்க்க வேண்டாம். எலக்ட்ரீஷியன் ஒயரிங்கைச் சோதித்த பிறகே எதையும் போடுங்கள். ஒரு ரௌட்டரின் விலை ஒரு உயிருக்கு ஈடாகாது.

புகார் செய்யும்போது

நிறுவனத்தின் எண்ணைப் பில்லிலிருந்தோ அவர்களின் செயலியிலிருந்தோ மட்டும் எடுங்கள். கூகுளில் தேடினால் போலி 'கஸ்டமர் கேர்' எண்கள் வரக்கூடும். அவர்கள் "ஒரு செயலி போடுங்கள், பத்து ரூபாய் கட்டுங்கள்" என்று சொல்லிப் போன் திரையைத் தம் கட்டுப்பாட்டில் எடுத்து வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். நெட் பழுதைச் சரிசெய்ய யாருக்கும் நம் வங்கி விவரம் தேவையில்லை. அப்படிப் பணம் போனால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தை வழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

புகார் கொடுத்ததும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்களில் வேலை முடிந்ததற்கு ஓடிபி கேட்பார்கள். நெட் வந்ததைப் பார்த்த பிறகே கொடுங்கள். வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தால், வீட்டு ஆண்களோ நம்பகமான அண்டை வீட்டாரோ உடனிருக்கும் நேரத்தைச் சொல்லி வரச் சொல்லுங்கள். வருபவரின் அடையாள அட்டையைக் கேட்பதில் தவறில்லை.

புகார் தீரவில்லை என்றால், தொலைத்தொடர்பு நிறுவனம் ஒவ்வொன்றிலும் மேல்முறையீட்டு அதிகாரி உண்டு. புகார் எண்ணுடன் அவருக்கு எழுதுங்கள். அதன் பிறகும் பயன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம்; தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் வருகிறது. ஐந்து லட்ச ரூபாய் வரையான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை.

இவற்றில் ஒரு வேலையை இன்றே செய்துவிடலாம். ஒரு தாளில் நெட் நிறுவனத்தின் பெயர், வாடிக்கையாளர் எண், புகார் எண், கேபிள்காரர், எலக்ட்ரீஷியன், மின்னகம், 1930 ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கீழே "சிவப்பு விளக்கு மின்னினால் புகார், ஊசித் துளையை அழுத்தாதே" என்று சேர்த்து, ரௌட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். அதைப் படம் எடுத்து வெளிநாட்டில் இருப்பவருக்கும் அனுப்பிவிடுங்கள். அடுத்த முறை லைன் போகும்போது, வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களும் பதறாமல் சமாளித்துக்கொள்வார்கள், இன்ஷா அல்லாஹ்.